குழலியின் காலை விடாத பெடல்

வேண்டுமென்றே பஸ்ஸுக்கு முன்னால் போய் விழுந்தாளாம்! சொன்னவள் கண்ணால் பார்த்தாளா? அந்த நேரத்தில் எதிர்வீட்டு வடிவாம்பாள் தன் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழலி விழுந்த மூங்கில் மண்டபச் சந்திப்பு எங்கே, இந்தப் பிள்ளையார்பாளையம் எங்கே? பாதிக் கட்டு ஆய்வதற்குள் "புருஷன்கூட சண்டையாம்" என்றாள். மீதியை ஆய்ந்து முடிப்பதற்குள் "சாகத்தான் போனாளாம்" என்றாள். தெருவும் நம்பிவிட்டது. நம்பினவர்கள் நாக்கு எல்லாம் நல்லாயிருக்கட்டும், நடந்ததைக் கேட்கட்டும்.

ஏலவார்குழலி சாகிறவள் இல்லை. வீட்டில் இரண்டு தறி. ஒன்று அவள் கணவன் வீரபாகுவுக்கு, ஒன்று அவளுக்கு. விடிவதற்கு முன்பே தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருவாள். வெயில் ஏறியதும் எழுந்து முகம் கழுவி, நிலைப்படியில் நின்று அவன் தலையாட்டியதும் ஐயம்பேட்டையில் இருக்கிற ஒரு கிளினிக்குக்குப் போவாள். டோக்கன் கொடுக்கிற வேலை. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்புகிறவரை அவள் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதனால்தான் தம்பி தினேஷ் சென்னையிலிருந்து தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

அந்தச் சைக்கிளின் பெடல்தான் வினை. அதன் பேர் கிளிப்லெஸ். கிளிப் இல்லாதது என்று அர்த்தமாம். ஆனால் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்கென்றே ஒரு ஷூ, அடியில் ஒரு இரும்புப் பல். மிதித்தால் டக்கென்று பெடலில் மாட்டிக்கொள்ளும். எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருக வேண்டும்.

"தம்பி, சாதா பெடல் போட்டுக்கறேனேடா" என்று அவள் அன்றைக்கே கேட்டாள்.

"ஐயோ அக்கா, இதுல மிதிக்கிற பவர் கொஞ்சம்கூட வேஸ்ட் ஆவாது. நாலு நாள்ல பழகிடும்" என்றான். தம்பி ஆசையாகச் சொன்னானே என்று அவளும் ஒப்புக்கொண்டாள். ஷூ அவன் அளவு. முன்னால் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டாள்.

பழகியது. தெருவில் பழகியது, ஆளில்லாத ரோட்டில் பழகியது. மூங்கில் மண்டபத்தில் முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றபோது பழகினதெல்லாம் பறந்துபோயிற்று. பிரேக் பிடித்தாள். இடது காலை நேராக மேலே தூக்கினாள். சின்ன வயதிலிருந்து தறியில் மிதித்த கால் அது. மிதிகட்டையை அழுத்தும், அடுத்ததை அழுத்துமுன் நேராக மேலே எழும். திருகுகிற பழக்கம் அதற்கு ஏது? பெடல் விடவில்லை. சைக்கிளோடு அப்படியே சாய்ந்தாள். பின்னால் வந்த பஸ் கீச்சென்று நின்றது. முழங்கை தேய்ந்தது, அவ்வளவுதான்.

அவள் வீடு வந்து சேருவதற்குள் வடிவாம்பாளின் கதை வந்து சேர்ந்திருந்தது. வீரபாகு அதை நம்பினான். சைக்கிளைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் பூட்டினான்.

"ஊரே சிரிக்குது. இனிமே ஆட்டோல போ. இல்லன்னா வேலைய வுட்டுடு."

"கால் மாட்டிக்கிச்சுங்க. அதான் வுழுந்தேன்."

"கால் மாட்டுமா? சைக்கிள்ல யாருக்காச்சும் கால் மாட்டுமா? யார்கிட்ட கதை சொல்ற?"

கட்டினவனே நம்பவில்லை. அதுதான் அவளுக்கு முழங்கையைவிட எரிந்தது. அந்த வாரம் ஆட்டோவில் போனாள், தினமும் பிந்தினாள். சனிக்கிழமை, இன்னொரு நாள் பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. வீரபாகு தறியிலிருந்து எழுந்து சோம்பல் முறிக்கும்போது அவன் காலடியில் ஷூவைப் போட்டாள்.

"போடுங்க."

"இன்னாது?"

"கதைதானே சொல்றேன்? கதையப் போட்டுக்கினு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. என் தம்பி காலும் உங்க காலும் ஒரே அளவு."

ரோஷக்காரன். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். டக், டக்கென்று மாட்டிக்கொண்டு தெருக்கோடிவரை ஜம்மென்று போனான். திரும்பி வந்தான். எதிர்வாசலில் வடிவாம்பாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக் பிடித்தான். காலை நேராக மேலே தூக்கினான், தறியில் தூக்குகிற மாதிரியே. சைக்கிள் அவனைச் சுமந்துகொண்டு மெதுவாகச் சாய்ந்து வடிவாம்பாளின் கோலத்தின் மேலேயே படுத்தது.

"அய்யய்யோ, வீரபாகு! இன்னாப்பா ஆச்சு?"

குழலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாங்க்கா கேக்கறீங்க? இவரும் சாகத்தான் வுழுந்தாரு. பொண்டாட்டிகூட சண்டை. கீரை இருந்தா எடுத்துக்கினு வாங்க, ஆஞ்சிக்கினே சொல்லுங்க."

வடிவாம்பாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீரபாகு தரையில் கிடந்தபடியே ஷூவைக் கழற்றினான். தப்பென்று ஒத்துக்கொண்டானா? ஆம்பிளை! "அதான் சொல்றேன், இந்தச் சைக்கிளே ஆவாது" என்றான்.

"சைக்கிள் இன்னா பண்ணுச்சு? பெடலுதான் ஆவாது."

அவன் எழுந்திருக்குமுன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிட்டிபாபுவின் சைக்கிள் கடைக்குப் போனாள். பூட்டுப் பெடலைக் கழற்றி, பட்டையாக ரப்பர் பெடல் போட்டு வந்தாள். சேதி கேட்டு தினேஷ் போனில் குதித்தான்.

"அக்கா, அந்த பைக்குக்குப் போய் அந்த பெடலா? அசிங்கமா இருக்கும்கா!"

"அசிங்கமா நிக்கப்போறது சைக்கிள்தானேடா? ரோட்டுல கிடந்தது நானு. உன் பெடலையும் ஷூவையும் துணியில சுத்தி வெச்சிருக்கேன். வந்து எடுத்துக்கினு போ."

திங்கட்கிழமை தறியிலிருந்து எழுந்தாள். முகம் கழுவினாள். ரப்பர் செருப்பை மாட்டினாள். வீரபாகு நூல் பாய்ச்சும் ஓடத்தை நிறுத்திவிட்டுத் தறிக்குழியிலிருந்தே கேட்டான்.

"இன்னிக்கும் ஆட்டோலயே போயேன். தெருவுல நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். கால் எப்படி எறங்குதுன்னு நல்லா பாக்கட்டும்."

தினமும் அவன் தலையாட்டும்வரை நிலைப்படியில் நிற்பவள் அன்றைக்கு நிற்கவில்லை. சைக்கிளைத் தூக்கி வாசலைத் தாண்டி வைத்தாள். எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பெல்லை இரண்டு தரம் அடித்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.