விதானையாரின் சேர்

சிவதர்ஷன் கெட்ட மனிதர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். தன்னாமுனைப் பக்கத்தில் ஒரு வாவிக்கரைக் கிராமத்துக்குப் பதினொரு வருடமாக அவர்தான் கிராம உத்தியோகத்தர். கடதாசியில்தான் அந்தப் பெயர். ஊர் வாயில் அவர் விதானையார்.

விதானையார் வேலை என்றால் வீட்டுக்கு வெளியே கால் வைத்தவுடன் தொடங்கிவிடும். சலூன் கதிரையில் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இருந்தால், பக்கத்துக் கதிரையில் இருப்பவர் வதிவிடச் சான்றிதழ் கேட்பார். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால் முன்னால் யாரோ நிற்பார்கள், அது சாமி அல்ல. செத்த வீட்டில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்கும்போது உதவித்தொகைப் பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று ஒருவர் காதுக்குள் கேட்டிருக்கிறார். முதல் சில வருடங்கள் அவர் எல்லோருக்கும் நின்று பதில் சொன்னார். எந்த வீட்டில் யாருக்கு வருத்தம், யார் கட்டாருக்குப் போனார், யாருடைய தோணி உடைந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். படிவம் நிரப்பும்போது ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

பிறகு ஒருநாள் பஸ் தரிப்பில் அந்தச் சங்கதி நடந்தது. மூன்று பேர் அவரைச் சுற்றி நின்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தபோது பிரதேச செயலகத்திலிருந்து உண்மையிலேயே ஒரு மேலதிகாரி, ஒரு சேர், போன் எடுத்தார். சிவதர்ஷன் போனைக் காதில் வைத்து "ஓம் சேர்" என்றதுதான் தாமதம், மூன்று பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். தங்களுக்குள் கதைத்த கதையைக்கூடக் குறைத்தார்கள். குரைத்துக்கொண்டு வந்த நாயை ஒருவர் கல்லெடுத்துத் துரத்தினார். சேர் இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டார். சிவதர்ஷன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பஸ் வரும்வரை "ஓம் சேர், அனுப்புறன் சேர்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அப்படி ஒரு நிம்மதியை அவர் உத்தியோகம் எடுத்த நாளிலிருந்து கண்டதில்லை.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இது புளிக்கவில்லை, இனித்தது. எதிரே ஒரு தெரிந்த முகம் வந்தால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சேர் சொல்வதைக் கேட்பதுபோல எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும், எந்த இடத்தில் நெற்றியைச் சுருக்க வேண்டும் என்பதெல்லாம் படிந்துவிட்டது. சில நேரம் சேருக்கே மறுப்புச் சொல்வார்: "அது ஏலாது சேர், சனம் பாவம்." அதைக் கேட்டு நிற்கிறவர்களின் முகம் மலர்ந்துவிடும், எங்கட விதானையார் எங்களுக்காக அடிபடுகிறார் என்று. அந்த முகங்களைப் பார்த்தபோது முதல் தடவை அவருக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை இருக்கவில்லை.

வீட்டில் மனைவி பிரஷாந்திக்குத்தான் சந்தேகம் வந்தது. "உங்கட சேருக்குப் பெஞ்சாதி புள்ளை இல்லையா?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமையும் எடுக்கிறாரே." அவர் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் ஊர் மெல்ல மெல்ல அவரிடம் வாய் திறப்பதை நிறுத்தியது. யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் போயிற்று. படிவம் நிரப்ப இப்போது பதிவுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. அதைக் கவனித்தபோதும், வேலை கூடிவிட்டது என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

போன மாசி மாதம், ஒரு புதன்கிழமைக் காலை. பஸ் தரிப்பில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு போனுக்குள் தலை. ஏறாவூர்ப் புடவை வியாபாரி அசனார் மட்டும் தன் மூட்டையின் மேல் குந்தி இருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் சீதேவிப்பிள்ளை வருவதைச் சிவதர்ஷன் கண்டார். வாவியில் வலை வீசிப் பிழைத்த கனகசிங்கத்தின் விதவை. வீட்டுத்திட்டத்தில் பெயர் விழுந்து, தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு அறைக் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தவள். கதவுக்கோ சீமெந்துக்கோ ஏதோ குறை சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தார். போன் காதுக்குப் போனது.

அவள் வந்து, எல்லோரையும்போல இரண்டடி தள்ளி நின்றாள். ஒரு பஸ் வந்தது. சனமாக இருந்ததால் அவர் ஏறவில்லை. அவளும் போகவில்லை. சேர் அன்றைக்கு நிறையக் கதைத்தார். கடைசியில் சீதேவிப்பிள்ளை ஓரடி முன்னால் வந்தாள்.

"விதானையார், கோவிக்காதீங்க. லைனில இரிக்கிறது ஒபிஸ் சேர்தானே?"

அவர் போனை உள்ளங்கையால் பொத்தினார். "ஓம் அக்கா. கொஞ்சம் பொறுங்க."

"எங்கட வீட்டுப் போமில ஒப்பம் வெச்சதும் அந்தச் சேர்தானே?"

இல்லை என்றால் வேறு யார் என்று விளக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டார்.

"அப்ப ஒருக்காத் தாங்க விதானையார். ஒரு சொல்லுத்தான். நன்றி சொல்லோணும்."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஆயிற்று சிவதர்ஷனுக்கு. கத்தவும் முடியாது, காட்டவும் முடியாது. லைன் கட்டாகிவிட்டது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். தரிப்பில் நின்றவர்கள் தங்கள் போன்களிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கொடுத்தார்.

"வணக்கம் சேர். நான் சீதேவிப்பிள்ளை. கனகசிங்கத்துட பெஞ்சாதி, அவர் இப்ப இல்ல. வீடு முடிஞ்சிட்டு சேர். இனி மழைக்கு நாங்க சட்டி பானை வெச்சு ஒழுக்கு ஏந்தத் தேவல்ல. நீங்க நல்லா இரிக்கோணும், உங்கட புள்ளைகளும் நல்லா இரிக்கோணும். வாற ஞாயிறு குடிபூருறம். நேர வந்து வாயால சொல்லுறதுதான் முறை. எனக்கு ஒபிசுக்கு வழி தெரியா, அதால இதுல சொல்லுறன். விதானையாரோட நீங்களும் வந்து ஒரு புடி சோறு தின்னோணும் சேர்."

காதில் போனை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். பிறகு சிவதர்ஷனைப் பார்த்தாள். "சேர் ஒண்டும் பறையிறாரில்லையே."

"கேட்டுக்கொண்டிருக்கார் அக்கா," என்றார் அவர். ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறார். போனை வாங்கித் திரும்பக் காதில் வைத்து, "ஓம் சேர், சொல்லுறன் சேர்" என்றும் சொன்னார். "பாப்பம் எண்டு சொல்லுறார் அக்கா."

அவளுடைய முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம் அதில். பார்வையை அந்தப் பக்கம் திருப்பினால் அங்கே அசனார். கைமாறும்போது போன் திரை ஒளிர்ந்திருக்கிறது. சிவதர்ஷனின் இரண்டு பிள்ளைகளின் படமும் மணியும் மட்டும்தான் அதில் இருந்தன. அசனார் அதைக் கண்டுவிட்டார். கண்டவர் சிரித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் குனிந்து, இறுக்கமாக இருந்த மூட்டை முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் விட்டுவிடலாமா என்று சிவதர்ஷன் நினைத்தார். பிரஷாந்தி விடவில்லை. போனபோது பால் காய்ச்சி முடிந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசம். உள்ளே பாய் விரித்து இருபது இருபத்தைந்து பேர் பந்தியில் இருந்தார்கள், அசனாரும் ஒரு சேலைப் பொதியோடு வந்திருந்தார். இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. ஆனால் சோறு வரவில்லை. வாசலுக்கு நேரே, பாலர் பாடசாலையில் இரவல் வாங்கிய ஒரு மேசையும் கதிரையும் போட்டு, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, தலைவாழை இலை ஒன்றும் உடைக்காத ஒரு போத்தல் சோடாவும் வைத்திருந்தாள் சீதேவிப்பிள்ளை.

"சேர் வந்த உடனே போடுவம்," என்றாள் எல்லோருக்கும் பொதுவாக.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கின. அவள் வேலிப் படலைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். சிவதர்ஷன் தன் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அசனார் மெதுவாகச் சொன்னார்: "விதானையார், புள்ளைகள் பசியில இரிக்கிதுகள்."

 

அந்த நேரம் சீதேவிப்பிள்ளையே அவருக்கு முன்னால் வந்து குந்தினாள். "சேருக்கு ஏதும் அவசர வேலை வந்திட்டாக்கும். போனில சொன்னது புழைதான், என்ன? நாளைக்கு நான் வெள்ளன பஸ் ஏறி, கேட்டுக் கேட்டெண்டாலும் ஒபிசுக்குப் போய், பாயசமும் குடுத்து நேர சொல்லிட்டு வாறன். சேர்ட பேர் என்ன விதானையார்?"

இத்தனை வருடம் நாள்தோறும் கதைத்த சேருக்கு அவர் ஒரு பெயர் வைத்திருக்கவில்லை. அலுவலகத்தில் உண்மையான சேர்மார் நாலைந்து பேர் இருந்தார்கள். யார் பெயரைச் சொன்னாலும் நாளைக் காலை இவள் பாயசத்தோடு அவர் மேசைக்கு முன்னால் நிற்பாள். மனச்சாட்சி குத்தித்தான் உண்மையைச் சொன்னார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அரைவாசி பயம். மற்ற அரைவாசிதான் வெட்கம்.

"அக்கா," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "அக்கா, அண்டைக்குப் போனில ஒருத்தரும் இல்ல."

"லைன் கட்டாயிட்டா?"

"இல்லக்கா. முதல்லயிருந்தே ஒருத்தரும் இல்ல. சும்மா வெச்சுக்கொண்டு நிண்டன். சனம் வந்து கதைக்காம இருக்கிறதுக்கு."

சீதேவிப்பிள்ளைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் திரும்பி அந்த மேசையைப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஆரோட கதைச்ச?"

அவர் இலையில் தெளித்திருந்த தண்ணீரை விரலால் ஒதுக்கினார்.

"மற்ற நாளும் இப்பிடித்தானா?"

"ஓமக்கா."

பாயில் இருந்த ஒவ்வொருவரும் தாங்கள் அவருக்குப் பின்னால் காத்து நின்ற நாட்களை நினைத்துப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. கூரைத் தகரம் கேட்டுக் கோயிலடியில் நின்றவர் இருந்தார். மகனின் அடையாள அட்டைக்காக மூன்று தரம் வந்து திரும்பிப்போனவர் இருந்தார். சீதேவிப்பிள்ளைதான் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஒரு விபரம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எங்கட அவர் வீட்டில மோசம் போன அண்டு, மரண அறிக்கை எழுத உங்களைத் தேடி நான் சந்திக்கு வந்தன். நல்ல மழை. நீங்க கடைத் தாவாரத்தில போனில நிண்டீங்க. நான் வெளியில நிண்டன், அரை மணித்தியாலத்துக்கு மேல இரிக்கும். அவரைத் தனியப் போட்டிட்டு வந்தன் விதானையார். அண்டைக்கு?"

அவருக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. மழையும் ஞாபகமில்லை, அவள் நின்றதும் ஞாபகமில்லை. மரண அறிக்கை எழுதியது ஞாபகம் இருந்தது. அது பதிவில் இருக்கிறது. ஆனால் பதில் என்ன என்று தெரியும்.

"அண்டைக்கும் ஒருத்தரும் இல்லக்கா."

"அவ்வளவு வேலைக்குள்ளயும் எழுதித் தந்தீங்க எண்டு நான் ஊரெல்லாம் உங்களைப் புழுகித் திரிஞ்சன்," என்றாள்.

பிறகு எழுந்து, குசினிப் பக்கம் திரும்பி, "சோத்தைக் கொண்டு வாங்க. இனி வர ஆளில்ல," என்றாள்.

சோறும் பருப்பும் வந்தன. எல்லோருக்கும் போட்டுக்கொண்டு வந்தவள் சிவதர்ஷனின் இலைக்கு முன்னாலும் குனிந்தாள். மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு வைத்தாள், குறைக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார்; குடிபூரிய வீட்டில் இலையை விட்டு எழும்புவது அவளுக்குச் செய்யும் இன்னொரு அவமானம். தலையைக் குனிந்து பிசைந்தார். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். சீதேவிப்பிள்ளையின் வீட்டில் கிடைத்தது. இரண்டாம் தரமும் கேட்டுப் போட்டாள்.