நாலு வருஷத்துப் பூ

அறுபதுகளின் கடைசியில், ஒரு வைகாசி மாதக் காலையில் நடந்தது இது. சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். பெங்களூர் லாரிகள் போகிற சத்தம் மட்டும் எங்கள் தோப்பு வரைக்கும் கேட்கும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துவிட்டார். அதோடு என் படிப்பும் நின்றது. வீட்டில் அம்மா, நான், என்னைவிடச் சின்னவனான தம்பி. கேழ்வரகு விளையும் கொஞ்சம் மேட்டு நிலமும் ஒரு மாந்தோப்பும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அந்தத் தோப்பை, "இது பாப்பா கல்யாணத்துக்கு" என்று அப்பா சாகிறதுக்கு முன்னாலேயே ஊரறியச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு ஓசூர்ப் பக்கத்தில் ஓர் இடமும் பேசி, அடுத்த தையில் முடிக்கலாம் என்று இருந்தார்கள்.

நான் சிறு வயதிலிருந்தே கவலைப்படுகிறவள். மழை தள்ளிப் போனால் கவலை, வந்தால் கூரையைப் பற்றிக் கவலை. "ஒரு நாளு கவல இல்லேன்னா, ஏன் இல்லேன்னு அதுக்கொரு கவலப்படுவா இவ" என்பாள் அம்மா.

அந்த வருஷம் தம்பி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தான். சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அவன் முன்னால் இரண்டு வழி வந்து நின்றது. பெங்களூரில் ஒரு பெரிய ஃபேக்டரியில் அப்ரெண்டிஸாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை பழகும்போதே மாசாமாசம் பணம் கொடுப்பார்கள், பிறகு நிரந்தரம். எதிர்வீட்டுப் பையன் அதற்குத்தான் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு வழி சேலத்தில் காலேஜ். பி.யூ.சி. ஒரு வருஷம், டிகிரி மூன்று வருஷம். ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம் என்று நாலு வருஷமும் நாம்தான் கொடுக்க வேண்டும், வருவது ஒன்றும் இல்லை.

தம்பிக்குக் காலேஜ் மேல்தான் உயிர். வாய் திறந்து கேட்க மாட்டான். பழைய பாடப் புத்தகங்களை எடுத்து அட்டை மாற்றிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

நான் ஃபேக்டரி பக்கம். காலேஜுக்குக் கொடுக்கிற பணம் ஒரு செலவு, அந்த நாலு வருஷம் அவன் சம்பாதிக்காமல் இருப்பது இன்னொரு செலவு, இதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லையே என்று எனக்கு ஆறவில்லை. ஃபெயிலாகிப் போனால்? பாஸாகியும் வேலை கிடைக்காமல் டிகிரியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பற்றி அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்களே, அப்படி ஆகிவிட்டால்? என் கல்யாணத்தைப் பற்றிய பயமும் அதற்குள் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கேழ்வரகு புடைக்கும்போது அம்மாவுக்கும் எனக்கும் இதே பேச்சு.

"மொதல்ல ஃபேக்டரிக்காரன்தான் முன்னாடி போவான். பத்து வருஷம் கழிச்சுப் பாரு, டிகிரி படிச்சவன் சம்பளம் எங்க நிக்குதுன்னு" என்றாள் அம்மா.

"அந்தப் பத்து வருஷம் நாம என்னாத்தத் திங்கறது?"

அம்மா முறத்தைத் தட்டினாள். அவள் மனத்தில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது.

எங்கள் பக்கம் மாந்தோப்பைக் காயாக விற்பதில்லை. தை மாதம் பூத்ததும் வியாபாரி வந்து மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு பூங்கொத்தை ஒடித்துக் கசக்கிப் பார்ப்பார். பிறகு விலை பேசிப் பூவையே வாங்கிக்கொள்வார். அதற்கப்புறம் காற்றடித்துக் கொட்டினாலும் பூச்சி விழுந்தாலும் நஷ்டம் அவருடையது. விலையையும் வாயால் பேசுவதில்லை. மாட்டுச் சந்தையில் செய்வதைப் போல ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரல் பிடித்தாலும் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. கையை மூடிக்கொண்டால் விற்பதில்லை என்று அர்த்தம். நான் குழந்தையாக இருந்தபோது அப்பா எனக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அன்று காலையில் தோப்பில் கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. வியாபாரி கூடைகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். சித்தூர்ப் பக்கத்துக்காரர். அப்பா காலத்திலிருந்து எங்கள் தோப்பை எடுக்கிறவர், அதனால் அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு மாமா. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"வர்ற நாலு வருஷத்துப் பூவையும் இப்பவே புடிச்சுக்கங்கண்ணா. பையனைக் காலேஜுக்கு அனுப்பணும்."

ஒரு வருஷத்துப் பூவைத்தான் பேசப் போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். தம்பியும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அது புதிது.

"நாலு வருஷமா? கண்ணுல பூவே காணோமேம்மா. மாமரம் ஒரு வருஷம் காய்ச்சா ஒரு வருஷம் படுத்துக்கும். எவன் பணம் கொடுப்பான்?" என்றார் வியாபாரி. பிறகு குரலைத் தணித்து, "இது பாப்பா கல்யாணத்துத் தோப்புன்னு அவரு எங்கிட்டச் சொல்லியிருக்காரே" என்றார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "அது எனக்கும் தெரியுங்கண்ணா" என்றாள்.

அவர் தோப்பை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். அப்பா போன பிறகு ஓசூரிலிருந்து சித்தப்பா வந்துதான் துண்டுக்குள் கை கொடுப்பார். இந்த முறை அம்மா அவருக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் தடுத்திருப்பார். ஆகவே வியாபாரி தம்பியைக் கூப்பிட்டார்.

"ஆம்பளக் கை வேணும். நீ வாப்பா."

பறிப்புக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "காலேஜ் தொர, வெரல் எண்ணத் தெரியுமா?" என்று மரத்து மேலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி கையைத் துண்டுக்குள் விட்டான். துணி அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வியாபாரியின் புருவம் மேலே போயிற்று.

"என்னாப்பா இது? ரெண்டு தடவையும் இதையே காட்டுற?" என்று துண்டை இழுத்துவிட்டார்.

தம்பியின் கை மூடியிருந்தது.

"விக்கறதில்லீங்க. நான் பெங்களூருக்கே போறேன்" என்றான். அம்மா அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி எங்கள் யாரையும் பார்க்காமல் மரத்து மேலே பார்த்து, "காலேஜ் தொர இல்லீங்க, ஃபேக்டரி தொர" என்று சிரிக்கப் பார்த்தான். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

நான் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். எனக்கு அப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீசைகூட முளைக்காத முகம். ஃபீஸ், சம்பளம், என் கல்யாணம் என்று நான் போட்ட எந்தக் கணக்கிலும் அந்த முகம் இல்லை. அக்காவின் தோப்பை விற்காமல் காப்பாற்றினேன் என்று ஆயுசுக்கும் அவன் ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்ட மாட்டான். அதுதான் என்னைக் கலக்கியது.

"துண்டப் போடுங்க மாமா. தோப்பு எனக்குன்னு சொன்னது. நான் பேசறேன்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் ஒரு அடி பின்னால் போனார். "பொம்பளப் புள்ளகிட்ட நான் துண்டு போட்டதில்ல, பாப்பா. வேணும்னா வாயால சொல்லு."

"வாயால வெலயச் சொன்னா தம்பிக்குக் கேக்கும்."

தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பறிப்புக்காரர்களைப் பார்த்து, "காயப் பறிங்கடா, இங்க என்னா கூத்தா நடக்குது?" என்று அதட்டினார். பிறகு என் கை மேல் துண்டைப் போட்டார்.

"கை இப்படி ஆடுனா எந்த வெரலுன்னு நான் எண்ணறது?" என்றார் மெதுவாக. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் பிடித்த விரல்கள் குறைவு. நான் உதறினேன். மறுபடி பிடித்தார். மறுபடி உதறினேன். தம்பி பக்கத்தில் வந்து, "வேண்டாங்க்கா" என்றான். அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வியாபாரி பிடித்த பிடியை நான் உதறவில்லை.

என்ன விலை என்று இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. நல்ல விலை இல்லை. பார்க்காத பூவுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

"எவ்ளோக்கா?" என்று தம்பி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

"உனக்குப் போதும்டா. நட."

அவன் சேலம் போனான். எனக்குப் பேசியிருந்த ஓசூர்க்காரர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தோப்பில் நாலு தை பூத்தது, ஒரு பூகூட எங்களுடையது இல்லை. மூன்றாவது வருஷம் ஆலங்கட்டி மழையில் பாதிப் பூ தரையில் கிடந்தது. வியாபாரி வந்து சுற்றிப் பார்த்தார், ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தார், நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நாங்கள் கேழ்வரகுக் களியும் கடன் வாங்காத வைராக்கியமுமாக ஓட்டினோம்.

தம்பி பாஸ் பண்ணினான். ஆனால் வேலை வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வரவில்லை. அதற்குள் எதிர்வீட்டுப் பையன் கையில் வாட்ச் கட்டிக்கொண்டு லீவுக்கு வந்தான், கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டான். தம்பி ஏர் ஓட்டப் போய்விட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். ஒரு நாள், "அக்கா, நம்ம கணக்கு தப்பிடுச்சா?" என்று கேட்டான். "இல்லடா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன். அந்த ஒரு வருஷம் நான் பட்ட பயம், அதற்கு முன்னாலும் பின்னாலும் பட்டதில்லை.

பிறகு அவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. எனக்கும் கல்யாணம் நடந்தது. அந்தக் காலத்துக்கு அது ரொம்பத் தாமதம். ஆனால் நல்ல மனுஷர். எதிர்வீட்டுப் பையனின் சம்பளத்தைத் தம்பியின் சம்பளம் எட்டிப் பிடிக்கவே பல வருஷம் ஆயிற்று. பிடித்த பிறகு தாண்டியது. அம்மா சொன்னது நடந்ததா என்றால் நடந்தது. நான் பயந்தது நடந்ததா என்றால் அதுவும் நடந்தது.

இப்போது பேரப்பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், எது லாபம் பாட்டி என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். பயம் தீர்ந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் என்னைப் போன்றவளுக்கு ஆயுசு போதாது என்பதும், பயந்துகொண்டே ஒருவனுக்காகத் துணிய முடியும் என்பதும் மட்டும்தான் அந்தக் காலையிலிருந்து எனக்கு நிச்சயமாகத் தெரியும்.