எட்டு மணி ஜெபமும் கனடா விசாவும்

என் பெண்டாட்டிக்கு நான்தான் புருஷன் என்று கனடாக்காரனை நம்ப வைக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பா வந்தது? கையில் கிடைத்ததைத் தூக்கி எறியலாம் போல வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் நிற்கும்.

திருநெல்வேலி டவுணில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். சீவலப்பேரிப் பக்கத்து வயல்களில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் என்னிடம்தான் வரும். வீடு பாளையங்கோட்டையில். அப்பா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அப்பா, அம்மா, நான், என் மனைவி, நாலே பேர். மனைவி நர்ஸ். கல்யாணமான மறு வருஷமே கனடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்ததும் முதல் வேலையாக எனக்கு ஸ்பான்சர் செய்து விண்ணப்பம் போட்டாள்.

அன்றிலிருந்து பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சிக்குப் பொழுது நன்றாகப் போனது.

"என்னவே, ஸ்பான்சருன்னா கிரிக்கெட்டுக்காரன் சட்டையில எழுதியிருக்குமே, அதுதான? ஒம்ம சட்டையில பொண்டாட்டி பேரப் போட்டுருவாவளோ?"

"போட்டா மாட்டிக்கிட்டுத் திரிவேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு எங்க எரியுது?"

"எரியலவே. நம்மூருல புருசன் பின்னால பொண்டாட்டி போவா. நீரு தலைகீழால்லா போறீரு!"

"தலைகீழாப் போனாலும் போய்ச் சேந்தாச் சரிதான்."

உள்ளதைத்தான் சொன்னேன். எனக்குப் போக வேண்டும். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் லீவில் வந்து, திரும்பிப் போன சில வாரத்தில் பிள்ளை உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். அதன் பிறகு எனக்குக் கடையில் இருப்பே கொள்ளவில்லை. ஒருநாள் அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்த நேரத்தில் அவள் போனில் சொன்னாள்: "அத்தான், இங்கன ஒவ்வொரு பிரசவத்துலயும் பாக்குதேன். அந்தப் பொண்ணு கையப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துல புருசன் நிக்கான். எனக்கு மட்டும் யாரும் இல்லாமப் போயிருமோ?" பிள்ளை பிறக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனித் தேரோட்டம் முடிந்து ரதவீதிகள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கனடாவிலிருந்து கடிதம் வந்தது. விசா இன்னும் இல்லை. 'நீங்கள் இருவரும் உண்மையில் கணவன் மனைவியாக உறவில் இருப்பதற்கு மேலும் ஆதாரம் தேவை' என்று கேட்டிருந்தார்கள். எனக்கு உச்சியில் சுள்ளென்று ஏறியது. கோயிலில் நானூறு பேர் முன்னால் தாலி கட்டியிருக்கிறேன், பிள்ளை வயிற்றில் இருக்கிறது, இன்னும் என்ன ஆதாரம்?

டவுணில் வெளிநாட்டு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிற ஓர் அக்கா இருந்தார்கள். அவர்களிடம் கடிதத்தைக் கொண்டுபோய்ப் போட்டுக் கத்தினேன்.

"தம்பி, பைய. கத்தினா விசா வருமா? உக்காருங்க. நீங்க ரெண்டுபேரும் சேந்து இருக்க படம் என்னல்லாம் அனுப்பினிய, அதக் காட்டுங்க."

காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த அக்காவின் முகம் சரியில்லை. கல்யாணப் படத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஐயர் நின்றார். சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் நாங்கள் சொல்வோம். வரவேற்புப் படத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவில் விக்கிரமசிங்கபுரத்து மில் மாமாவும் அவர் குடும்பமும். கல்யாணம் முடிந்து குற்றாலம் போனதாக எழுதியிருந்தோம். அந்தப் படத்தில் வேன் நிறைய ஆள்.

"தம்பி, இது தேனிலவா, சபைச் சுற்றுலாவா?"

"வீட்டுல எல்லாரும் வாரோம்னாங்க. வராதேன்னா சொல்ல முடியும்?"

"சரி, போன் பேசின கணக்கையாவது பாப்போம்" என்று அக்கா அடுத்த காகிதத்தை எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். என் கையில் எந்நேரமும் வார்னிஷும் கிரீஸும். தொடுகிற போன் வாங்கிப் பார்த்தேன், வாங்கினதெல்லாம் பாழ். அதனால் பட்டன் போன்தான் வைத்திருந்தேன். அவள் ராத்திரி டூட்டி முடித்து வீட்டுக்கு வருகிற நேரம் எங்களுக்கு இரவு எட்டு மணி. எங்கள் வீட்டில் எட்டு மணி என்றால் குடும்ப ஜெபம். இடி விழுந்தாலும் நடக்கும். மருமகள் ஊரை விட்டுப் போனாலும் ஜெபத்தை விட்டுப் போகக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். ஆகவே அவள் தினமும் அம்மாவின் போனுக்குத்தான் வீடியோவில் வருவாள்.

அம்மா நைட்டியோடு தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்காருவாள். பக்கத்தில் அப்பா வேதம் வாசிப்பார். அம்மாவின் தோளுக்குப் பின்னால் நான். அம்மா ஜெபிக்கத் தொடங்கினால் ஊரைச் சுற்றி வந்துதான் நிற்பாள். எதிர்வீட்டுக்காரியின் மூட்டுவலி, மாமாவின் மில் வேலை, பாபநாசம் அணைத் தண்ணீர், நாட்டை ஆளுகிறவர்கள், எல்லாரையும் தொட்டுவிட்டுக் கடைசியில் மருமகளின் வயிற்றுக்கு வருவாள். ஆமென் சொன்னபின் மாமியாரும் மருமகளும் என்ன சமைத்தாய் என்று பேசி முடித்து, "இந்தாலே, நீ பேசு" என்று அம்மா போனை என் கையில் தருவாள். எழுந்து போவார்களா? இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து என் வாயைப் பார்ப்பார்கள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"அங்கன குளிருதா?"

"ம்."

டூட்டி பார்த்துக் களைத்தவளுக்கு அதற்குள் கண் சொருகிவிடும். அநேகமாக இதுதான் நாங்கள் பேசிய பேச்சு. கணக்கில் என் எண்ணே இல்லை. அவள் போனிலிருந்து தினம் தவறாமல் போனதெல்லாம் 'அத்தை' என்ற ஒரே எண்ணுக்கு.

அக்கா கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்கள்: "தப்பா நெனைக்காதிய தம்பி. இதப் பாத்தா அந்தப் பிள்ள ஒங்கம்மாவத்தான் கெட்டியிருக்குன்னு நெனைப்பான்."

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. பிள்ளை புரட்டாசிக்குப் பிறந்துவிடும். பதில் அனுப்பி, அதை அவர்கள் பார்த்து, விசா வந்து, நான் போய்ச் சேர வேண்டும். "நாளைக்கு அம்மாவையும் அம்மா போனையும் கூட்டிட்டு வாங்க, என்ன தேறுதுன்னு பாப்போம்" என்றார்கள் அக்கா.

மறுநாள் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, கனடாவிலிருந்து யாரோ நேரில் வந்து விசாரிக்கப்போகிறார்கள் என்ற தோரணையில் வந்தாள். அக்கா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, போன்ல எடமே இல்லையே. இம்புட்டுப் படம் எடுத்து வச்சிருக்கிய?" என்றார்கள்.

"நானா? எனக்குப் படம் எடுக்கவே தெரியாதே!"

"பின்ன இது என்ன?"

எட்டிப் பார்த்தேன். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள். ஒன்றைத் தொட்டுப் பெரிதாக்கினார்கள். அதில் என் மனைவி, டூட்டி உடுப்போடு, தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து. மூலையில் ஒரு சிறு கட்டத்தில் நாங்கள். அம்மா துண்டு போட்டு, கண்ணை இறுக்கி மூடி, வாய் திறந்து, பாதி ஜெபத்தில். பக்கத்தில் அப்பா தலை குனிந்து. அக்காவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஜெபம் சூடு பிடிக்கப் பிடிக்க அம்மா போனை அழுத்திப் பிடித்திருக்கிறாள். இரண்டு பக்கப் பட்டனும் ஒரே நேரத்தில் அமுங்கியிருக்கின்றன. அமுங்கினால் திரையில் தெரிவதைப் போன் அப்படியே படம் பிடித்துக்கொள்ளும். ஜெபத்துக்கு நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பல்லி என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"இத நல்லாப் பாருங்கம்மா" என்று அக்கா இன்னும் பெரிதாக்கினார்கள். குரலில் சிரிப்பு.

அம்மாவின் தோளுக்குப் பின்னால் நான். என் கண் விரியத் திறந்திருந்தது. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய படத்தில் அவளும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த படம். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததில் அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள், நான் புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்கிறேன். இன்னொன்றில் அவள் வயிற்றைத் தடவிக் காட்டுகிறாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லார் கண்ணும் மூடியிருக்கிற நேரம் அது ஒன்றுதானே? அந்த நேரத்துக்காகத்தான் நான் பகல் முழுக்கக் காத்துக்கிடந்தேன். அவளும்தான்.

அம்மா படங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படங்களைப் பார்த்தாள்.

"அடப் பாவி! ஒரு நாளாவது ஜெபத்துல கண்ண மூடியிருக்கியாலே? நான் இங்கன உருகி உருகி ஜெபிக்கேன், புருசனும் பொண்டாட்டியும் கண்ணாலயே குடித்தனம் நடத்தியிருக்கிய!"

அக்கா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "இதவிட ஆதாரம் வேற வேணுமா? இதையே அனுப்பிருவோம்."

"அதெல்லாம் அனுப்பக் கூடாது!" என்று அம்மா போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அங்கன உள்ளவன் பாத்தா என் வளர்ப்பப் பத்தி என்ன நெனைப்பான்? போதாததுக்கு நான் நைட்டியில இருக்கேன். நைட்டியோட நான் கனடாவுக்குப் போகணுமாக்கும்?"

"எம்மா, கொடு."

"மாட்டேன்."

"எம்மா, பிள்ள பொறக்கையில நான் அவ பக்கத்துல நிக்கணும்மா." அக்கா இருப்பதையும் மறந்து சொல்லிவிட்டேன். பிறகு வெட்கமாகப் போயிற்று.

அம்மா மடியிலிருந்து போனை எடுத்து, சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்து, அக்காவிடம் நீட்டினாள். "அனுப்புங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, இவன் கண்ண மூடாதது எத்தன இருக்கோ, அம்புட்டையும் அனுப்புங்க. நல்லாப் பாக்கட்டும்."

அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். குடும்ப ஜெபம் என்றால் என்ன, எங்கள் வீட்டில் ஏன் மாமியார் போனுக்கு மருமகள் பேசுகிறாள் என்பதை அக்கா தனியாக விளக்கி எழுதினார்கள். அன்று இரவு ஜெபத்தில் அம்மா கண்ணை மூடும் முன்னால் திரும்பி என்னை முறைத்தாள். போனில் அந்தப் பக்கம் இருந்த மருமகளையும் முறைத்தாள். "அத்த, நான் மூடிட்டேன்!" என்று அலறினாள் அவள். மூடியிருந்தது ஒரு கண்தான்.

ஆவணி பிறந்து சில நாளில், கடைக்குள் மோட்டார் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் என் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. டவுண் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து அம்மா இறங்கினாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினாள்.

"ஏலே! வந்துட்டுலே! விசா வந்துட்டு! அவ எனக்குப் போன் போட்டுச் சொன்னா!"

நான் கையிலிருந்த ஸ்பேனரை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. ஓடிப்போய், நடு வீதி என்று பாராமல் அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். "விடுலே, கிறுக்குப் பயலே, கிரீஸு, கிரீஸு!" என்று என் முதுகில் அடித்தாள். பாத்திரக்கடை அண்ணாச்சி வெளியே ஓடிவந்து, கையில் அகப்பட்ட தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு, "ஸ்பான்சரு கூப்புட்டாச்சுவே!" என்று தெருவுக்கே அறிவித்தார். டிராபிக் நின்றுபோனது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

போய்ச் சேர்ந்தேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையை நசுக்கியதில் விரல் வீங்கியது, அது வேறு கதை. பெண் பிள்ளை. என் மூக்கு, அவள் பிடிவாதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, பாளையங்கோட்டை நேரம் எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டோம். இப்போது பெரிய படத்தில் அம்மாவும் அப்பாவும். மூலைக் கட்டத்தில் நாங்கள் மூன்று பேர். அப்பா வாசித்தார். அம்மா துண்டைத் தலையில் போட்டு ஜெபிக்கத் தொடங்கினாள். எதிர்வீட்டு மூட்டுவலி, மில் மாமா, அணைத் தண்ணீர் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பழைய பழக்கம், என் கண் திறந்தேதான் இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ண மூடுலே" என்றாள் அம்மா, ஜெபத்துக்கு நடுவிலேயே.

சட்டென்று மூடிக்கொண்டேன். அம்மாவின் குரல் தொடர்ந்தது. எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி என் காதுப் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்:

"அத்தான், அத்த இன்னும் மூடல. நம்மளத்தான் பாத்துக்கிட்டே இருக்காவ."