மூலையில் போட்ட மேசை

சிவகாமி மேடம் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. கால் மணி நேரத்தில் முதல்வர் பொங்கல் விழா அறிவிப்பைப் போட்டார். அதற்கும் அதே கைகள். சீ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவரோடு பாலக்கோடு பக்கத்துக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். அவரை அறிந்த உங்களிடம் இனிக்க இனிக்கப் பேச எனக்கு வராது. போன பொங்கலுக்கு, தான்சானியாவிலிருந்து வந்து படிக்கும் நான்கு பெண்களுக்கும் சேலை கட்டி, பானை பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, விளம்பரத் தட்டியில் போட்டார்கள். அடுத்த வாரம் மெஸ்ஸில் அதே பெண்களுக்கு மூலையில் தனி மேசை. 'அவர்கள் சௌகரியத்துக்காக' என்று கமிட்டித் தீர்மானம். உள்ளூர்ப் பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்களாம். நமக்கேன் வம்பு என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

அன்று முதல் மேடம் அந்த மேசையில்தான் சாப்பிட்டார். உள்ளூர் மாணவி ஒருத்தி, "அவங்ககூட உக்கார பயமா இருக்குங்க மேடம்" என்றாள். "பயம் இல்லம்மா, அருவருப்பு. பேரை மாத்தாத" என்றார். என்னிடம் சண்டை எதுவும் போடவில்லை. "உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்குங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

மாரண்டஹள்ளியில் அவர் வீடு. துக்கத்துக்கு ஆசிரியர்கள் எல்லோரும் போயிருந்தோம். "நம்ம முறை அவங்களுக்குத் தெரியாது, வர வேண்டாம்" என்று முதல்வர் தடுத்தும் நால்வரும் பஸ் ஏறி வந்தார்கள். கிளம்பும்போது க்ரேஸ் என்ற பெண், மேடத்தின் அம்மாவிடம் கைகூப்பி, "போயிட்டு வரோங்கம்மா" என்றாள். சாவு வீட்டில் யாரும் சொல்லக் கூடாததை! எங்கள் ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிணம் கிடக்கிற வீட்டில். மூன்று வருஷமாக அந்தப் பெண்களிடம் நம் முறை எதையும் சொல்ல ஒருவரும் வாய் திறந்ததில்லை, நான் உட்பட. அந்த அம்மா மட்டும் க்ரேஸின் கையைப் பிடித்து, "வா கண்ணு. வூட்ல இனி நான் ஒருத்திதான்" என்றார்.

திங்கட்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போனேன். அவர்கள் பேச்சு சட்டென்று நின்றது. க்ரேஸ் எழுந்து, "எங்கள் மேல் ஏதாவது புகாரா சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "இல்லம்மா, சாப்பிடத்தான் வந்தேன்" என்றேன். அவள் மேடத்தின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடம்தான். உட்காரக் கூசுகிறது. தினமும் உட்காருகிறேன்.