கொழுந்து நிறுத்த பிறகு

அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம், தகரக் கூரையில் தூறல். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பறை ஒன்று திறக்கப் புத்தகம் சேர்க்கிறார்கள். அதற்காக யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவர் தன் சிறுவர் கதையை வாசிக்கிறார். கேட்க வருபவர்கள் ஆளுக்கொரு புத்தகம் தர வேண்டும். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்த நானும் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முன்னால் பாய் நிறையப் பிள்ளைகள். பின்னால் பெற்றோருக்குப் போட்ட நாற்காலிகள் எல்லாம் காலி. பாதிக் கதையில் எழுத்தாளர் நிறுத்துகிறார்.

"தாய் தகப்பன் ஒருத்தரும் வரேல்லையே. விருப்பமில்லையோ?"

எனக்கும் அதே பயம்தான். வீட்டில் அனுப்பாவிட்டால் வாசிப்பறை பூட்டியே கிடக்கும்.

தேத்தண்ணி கொண்டு வரும் செல்வி அக்கா இந்த லயத்துக்காரர். "இன்னைக்கு கைக்காசுக்கு கொழுந்து எடுக்குறாங்க சேர். ஞாயித்துக்கெழமன்னா அப்படித்தான், நிறுக்குற கிலோவுக்கு அப்பவே கையில காசு. கொழுந்த நிறுத்துட்டு நேரா இங்கதான் வருவாங்க."

வருகிறார்கள். இடுப்பில் கட்டிய சாக்கில் ஈரம் சொட்டுகிறது. நாற்காலி நனையும் என்று சுவரோரமாகவே நிற்கிறார்கள். இனி வாசிப்பறை பூட்டிக் கிடக்காது.

"நாங்க மொதல்லருந்து கேக்கலீங்களே," என்கிறார் ஒரு பெண்.

எழுத்தாளர் திரும்ப முதல் பக்கத்துக்குப் புரட்டுகிறார். அதற்குள் பாயில் இருந்த பிள்ளைகள் அம்மாக்கள் பக்கம் திரும்பி, போட்டி போட்டுக்கொண்டு கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு, காலி நாற்காலி ஒன்றில் போய் உட்காருகிறார்.