அமுதத்தின் அம்மாவுக்கு ஏற்றிய நிறம்

நம்பாதவர்கள் காரைக்கால் தலத்தெருவுக்குப் போய் ஆன்டோவிடமே கேட்டுக்கொள்ளலாம். அவனுக்கு நடந்ததுதான் இது. ஸ்டுடியோ வைத்திருக்கிறானே தவிர, கேமராவை நேராகப் பிடிக்கத் தெரியாது. கருப்பாக இருப்பவர்களைக் கண்டால் முகம் சுளிக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் மதியம், கோட்டுச்சேரிமேட்டு அமுதம் கடைக்கு வந்தாள். கையில் இறந்துபோன அம்மாவின் கருப்பு வெள்ளைப் படம். கூடவே தன்னுடைய படம் ஒன்று.

"அம்மாவும் நானும் ஒரே நிறம் தம்பி. என் கலரை எடுத்து அவங்களுக்குப் போட்டுருங்க. கல்லறையில வைக்கணும்."

"சரிக்கா. காலையில வாங்க."

அவள் படியிறங்கியதும் அவள் படத்தை ஓரமாகத் தள்ளினான். இந்தக் கருப்பை ஏற்றினால் கடைக்கு என்ன மரியாதை? பெரிய மேதாவி என்று நினைப்பு. ஒரு படத்தின் நிறத்தை இன்னொரு படத்தில் ஏற்றுவது கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை. அமுதத்தின் படத்துக்குப் பதிலாக, தன் மகள் ஜெர்லின் சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது எடுத்த படத்தைக் கொடுத்தான். சிவந்த பிள்ளை.

மணி 3.10. அமுதத்தின் அம்மாவுக்குக் கன்னம் சிவந்தது. அவனுக்கு ஒரே பெருமை.

ஆனால் பக்கத்தில்... ஜெர்லின் படம் வெளுத்திருந்தது.

நிறத்தை நகல்தான் எடுக்கும். மூலப்படம் மாறாது. அது அந்த மேதாவிக்கும் தெரியும். மானிட்டரைத் திட்டினான். துடைத்தான்.

அம்மாவின் உதடு சிவந்தது. அவன் எதையும் தொடவில்லை.

ஜெர்லினின் உதடு... சாம்பல்.

'டிக்.'

மவுஸ் சத்தம். அவன் கை மடியில் இருந்தது.

'டிக்... டிக்...'

நேராகப் பார்த்திருந்த அம்மாவின் கண்கள் இப்போது நேராக இல்லை.

ஜெர்லினைப் பார்த்தன.

போன் அடித்தது. மனைவி ஆன்லின்.

"ஏங்க... பாப்பா மயங்கி விழுந்துட்டா. உதடெல்லாம் வெளுத்துப்போச்சு. ஓடி வாங்க."

வயரைப் பிடுங்கினான். ஓடினான்.

ஜெர்லின் பிழைத்துக்கொண்டாள். நிறம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. ரத்தம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள்.

மறுநாள் கடை பூட்டியிருந்ததால், படம் கேட்டு அமுதம் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தாள். ஆன்டோவின் வாய்க்கொழுப்பெல்லாம் அடங்கியிருந்தது.

"அக்கா... அது எப்ப எடுத்த படம்?"

"உசுரோட இருக்கறப்ப அம்மா ஒரு படமும் எடுத்துக்கல தம்பி. இறந்தப்புறம் நாற்காலியில சாய்ச்சு வச்சு எடுத்தது. கண்ணு மூடித்தான் இருந்துச்சு. அப்ப இருந்த ஸ்டுடியோக்காரருதான் படத்து மேல திறந்த கண்ணா வரைஞ்சு குடுத்தாரு."