வாசலில் ஒரு ஜோடி செருப்பு

கல்லூரியில் நாடகம் சொல்லித்தருகிறேன். அன்று காலை புது நாடகம் ஒன்றை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினேன். கதை திருச்செங்கோட்டுப் பக்கம் நடக்கிறது. கணவன் ரிக் லாரியோடு போர்வெல் போட வடநாடு போய்விடுகிறான். மனைவி வீட்டில் தனியாக இருக்கிறாள். தரையில் சாக்பீஸால் அந்த வீட்டை வரைந்தேன். "இவளுக்கு வசனம் கிடையாது. காத்திருப்பதுதான் வேலை" என்றேன்.

அந்த வேடத்துக்கு வந்த மல்லசமுத்திரத்து மாணவி, வெளியே பையன்கள் கழற்றிப் போட்டிருந்ததில் ஒரு ஜோடி செருப்பை எடுத்து வந்து, நான் வரைந்த வாசலில் வைத்தாள்.

"எதுக்கும்மா?"

"ஊட்ல ஆம்பளை இருக்கறாப்ல தெரியோணுமுங்க சார். அப்பா ரிக் வண்டிக்குப் போனா அம்மா இப்படித்தான் வெப்பாங்க. தெனமும் இடம் மாத்தி வெக்கோணும், இல்லீனா கண்டுபுடிச்சுருவாங்க. பொழுதோட ஆராச்சும் கதவைத் தட்டுனா டிவி சத்தத்தைக் கூட்டிருவாங்க."

சாயங்காலம் நான் குடியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குத் திரும்பியதும், பக்கத்து வீட்டு வாசலில் எப்போதும் கிடக்கும் ஆண் செருப்பைப் பார்த்தேன். காலையில் படிக்கு இடப்பக்கம் இருந்தது, இப்போது வலப்பக்கம் கிடந்தது. மேலே படிந்த தூசி மட்டும் கலையவே இல்லை. அந்த வீட்டில் ஒரு அம்மாவைத்தான் பார்த்திருக்கிறேன், ஆணை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கலாமே என நினைத்துக் கதவைத் தட்டினேன்.

உள்ளே டிவி சத்தம் கூடியது.

"பக்கத்து ஊட்டு வாத்தியாருங்க" என்றேன். சத்தம் இன்னும் கூடியது. நான் போய்விட்டது அந்த அம்மாவுக்குத் தெரியட்டும் என்று, காலை அழுத்தி வைத்து நடந்து என் வீட்டுக்கு வந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் டிவி அடங்கியது.

காத்திருப்பதுதான் அவளுக்கு வேலை என்றுதானே காலையில் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்.